கரையில நின்னதுக்கு தோப்புக்கரணமா?

அந்த வீடியோவ இதுவரைக்கும் எட்டு பேரு எனக்கு அனுப்பிட்டீங்க, போதும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில நின்ன நாலு பசங்கள தோப்புக்கரணம் போட வச்சி, அத செல்லுல எடுத்து, மேல சிரிப்பு எமோஜி வேற. கீழ "செம", "இப்படித்தான் செய்யணும்"னு போட்டவங்கள்ல பாதி பேரு எனக்குத் தெரிஞ்சவங்க. அதான் வலிக்குது.

அவனுங்க இன்னா பண்ணானுங்க? தண்ணியில எறங்கல. பாட்டில் இல்ல. கையில ஒரு தூண்டிலு, டப்பாவுல மண்புழு, அவ்ளோதான். ஏரி பொதுன்னா கரையும் பொதுதான?

நம்ம பாலாறு வருஷத்துல முக்காவாசி நாளு மணலுதான், இப்ப அந்த மணலும் இல்ல. 1858ல கட்டுன வாலாஜா அணைக்கட்டுல மறிச்சி கால்வாய்ல திருப்பி விட்டாத்தான் பல்லவன் காலத்து ஏரிக்கே தண்ணி. அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு தண்ணி பாக்கறதே டூர்தாங்க. ஏரி ரொம்புதுன்னு சேதி வந்தா எங்க நைனா சைக்கிள் பார்ல துண்ட சுத்தி என்ன உக்கார வச்சி கூட்டினு போயிடுவாரு. எங்களுக்கு ஒரு சென்ட் நெலம் கெடையாது, ஆனாலும் மதகாண்ட இருக்கற ஆள நிறுத்தி "எத்தினி அடி நிக்குது?"ன்னு கேட்டுட்டுத்தான் திரும்புவாரு. நாமக்கோழி, முக்குளிப்பான், நாரை எல்லாமே அவருக்கு கொக்குதான். அவர யாரும் வெரட்டல.

"எவனாவது செத்தா யாரு பொறுப்பு?"ன்னு வருவீங்க. நியாயந்தான், இத ஒத்துக்கறேன். ஏரி ரொம்பி மிச்ச தண்ணி வெளிய போற கடைவாசல் தொறந்திருந்தா அந்தாண்ட யாரும் எறங்கக் கூடாது, 2021 நவம்பர்ல பாலாறு வந்த வரத்த நாம எல்லாருமே பாத்தோம். அங்க கயிறு கட்டு, ஆளப் போடு, போர்டு வை. ஆனா கிலோமீட்டர் கணக்குல நீளுற கரை முழுக்க கடைவாசலா? கரையில நிக்கறது தப்பா?

மீன் குத்தகைக்காரருக்கு நஷ்டமாம். நாலு ஜிலேபிக் கெண்டையில திவாலாயிடுவாராம், பாவம்.

பறவைங்களுக்கு தொந்தரவாம். சரிங்க, அப்ப ஞாயித்துக்கிழமை ஹாரன் அடிச்சினு கரைமேலயே கார் ஓட்டினு வந்து, கதவத் தொறந்துட்டு பாட்டு போட்டு ரீல்ஸ் எடுக்கறாங்களே, அவங்கள எவனாச்சும் தோப்புக்கரணம் போடச் சொன்னானா? "சார், கொஞ்சம் ஓரமா"ன்னுதான சொல்றானுங்க? லுங்கி கட்டினு செருப்பில்லாம வந்தவன்தான் ஒங்களுக்கு சட்டம் சொல்லிக் குடுக்க கெடைச்சானா? அதுல ஒருத்தனுக்கு பன்னெண்டு வயசு கூட இருக்காதுங்க. தலையக் குனிஞ்சினே எண்ணுறான், எட்டு, ஒம்பது, பத்துன்னு. நான் அதுக்கு மேல பாக்கல.

குப்பை போடறாங்க, குடிக்கறாங்கன்னு சொல்ல வர்றவங்க மொதல்ல அங்க ஒரு குப்பைத்தொட்டி காட்டுங்க, அப்புறம் பேசலாம்.

ஆங், அந்த வீடியோவ மொதல்ல ஷேர் பண்ண அண்ணே, ஒங்க ப்ரொஃபைல் போட்டோ அதே கரையில எடுத்ததுதான. பின்னாடி கடைவாசல் நல்லாவே தெரியுது.