அடுக்களை அலமாரிக்குப் பின்னால் நாலு வீட்டுத் தண்ணீர்

"டீச்சர், ஒழுகுற பைப் உங்க வீட்டுக்குள்ளல்லா இருக்கு? அப்போ நீங்கதான் பாக்கணும்."

எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் படிக்கட்டில் நின்று இதைச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கு ஒரு கையில் ஈரத்துணி, இன்னொரு கையில் வாளி. பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் எங்கள் கட்டிடம் 1998-ல் கட்டியது. தரைத்தளமும் மேலே மூன்று மாடியும், தளத்துக்கு மூன்று வீடு, ஆக 12 குடும்பம். நான் முதல் மாடி. மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஒன்று மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி வழியாக என் அடுக்களைக்குள் வந்து கீழ்வீட்டுக்குப் போகிறது. நாலு வீட்டுக்கும் அந்த ஒரே லைன்தான் தண்ணீர்.

ஆனி மாதச் சாரலில் கீழ்வீட்டு அடுக்களைக் கூரையில் ஈரம் படிந்தது. மழைதான் என்று எல்லாரும் நினைத்தோம். நமக்கு இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை; எந்தச் சுவர் ஈரமானாலும் பழியை மழைமேல் போடுவது எளிது. மழை விட்டுப் பத்து நாள் கழிந்தும் ஈரம் காயவில்லை. வெயில் அடிக்க அடிக்கக் கறை அகலமாகிக்கொண்டே போனது. அப்புறம்தான் பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் என் அலமாரியில் காதை வைத்துக் கேட்டார். "டீச்சர், இதுக்குப் பின்னாலயாக்கும்" என்றார்.

இந்த இடத்தில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2016-ல் அடுக்களையைப் புதுப்பித்தபோது அந்தப் பைப் கண்ணுக்கு அசிங்கமாக இருந்தது. துருப்பிடித்து, பெயின்ட் உரிந்து, பல்லி ஒண்டும் மூலை. ஆசாரி கேட்டார்: "இதுல ஒரு வால்வும், பைப்பைக் கழற்றி மாட்டுற இணைப்பு, யூனியனும் இருக்கு. சின்னதா ஒரு கதவு வச்சிரட்டா?" கதவு வைத்தால் டைல்ஸின் வரிசை கெடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். பிளைவுட் அடித்து, மேலே டைல்ஸ் ஒட்டி, மசாலா டப்பா வைக்கத் தட்டும் போட்டாயிற்று. வந்தவர்கள் எல்லாம் அடுக்களை அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

செயலாளர் சொன்னதில் பாதி உண்மை. மறைத்தது நான்தான். ஆனால் பைப் என்னுடையது அல்ல.

இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் ஒன்பது நாள் போயிற்று. மொட்டை மாடியில் வால்வை அடைத்துவிட்டார்கள். நாலு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. மூன்றாம் மாடியில் எழுபது தாண்டிய ஓர் அம்மா, மூட்டு வலிக்காரி, கீழே தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்பிலிருந்து அரைக்குடம் அரைக்குடமாக ஏற்றினார். ஒவ்வொரு மாடியிலும் குடத்தை இறக்கி வைத்துக் கைப்பிடியைப் பிடித்து நின்றார். என் வாசல் முன்னால்தான் அவருடைய முதல் நிறுத்தம். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெறுமனே சிரித்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த ஒன்பது நாளில் நாலு நாள் என் பிடிவாதம், மீதி சங்கத்தினுடையது.

எங்கள் சங்கத்தில் மூன்று கட்சி. செயலாளர் கட்சி: யார் வீட்டுக்குள் இருக்கிறதோ அவர் செலவு. மற்ற இரண்டு லைனில் இருக்கும் எட்டு வீட்டுக்காரர்கள் கட்சி: அந்த நாலு பேரும் பிரித்துக்கொள்ளட்டும், நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? மூன்றாவது கட்சி நானும் கீழ்வீட்டுத் தம்பியும்: சங்கம் கொடுக்க வேண்டும். கீழ்வீட்டுத் தம்பி என் பக்கம் நின்றதுதான் எனக்கு ஆச்சரியம். கூரை நாசமானது அவனுக்கு.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது வக்கீல். அவளிடம் கேட்டேன். முதலில் அவள் கேட்டது, "டீச்சர், அந்தப் பைப்பில் யாருக்கெல்லாம் தண்ணி போகுது?" என்று. பைப் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. மொத்த வழக்கும் அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அடுக்ககங்களுக்குத் தமிழ்நாட்டில் 1994-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் பொது இடம் எது என்று வரையறுக்கும்போது படிக்கட்டு, லிப்டோடு நிறுத்தவில்லை. தண்ணீர், கழிவுநீர் போன்ற பொதுச் சேவைகளுக்கான அமைப்புகள், டேங்க், சம்ப், மோட்டார், பொதுப் பயன்பாட்டுக்கான கருவிகள் எல்லாவற்றையும் அதில் சேர்க்கிறது. நாம் பத்திரத்தில் யு.டி.எஸ். என்று மண்ணில் உள்ள பிரிவினையில்லாப் பங்கை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம். டேங்கிலும் மோட்டாரிலும் இறங்கும் பைப்பிலும் நமக்குப் பங்கு உண்டு. பங்கு இருக்கிற இடத்தில் செலவும் உண்டு.

புது ஃபிளாட் வாங்கியவர்களுக்கு ஒன்று. கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ சேவைகளிலோ குறை இருந்தால், வீடு கைக்கு வந்த 5 ஆண்டுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டியது பில்டரின் கடமை. அதே ரெரா சட்டம்தான். ஒழுகினால் முதலில் தேதியோடு கடிதம், அப்புறம் வாளி. எங்களுக்கு அந்த வாய்ப்பு எப்போதோ போய்விட்டது.

அந்தப் பிள்ளை இன்னொரு பக்கத்தையும் காட்டினாள். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம், அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழி, தண்ணீர் போன்ற உரிமைகளைப் பற்றியது. அதன் 24-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவருடைய தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பைப் இன்னொருவர் நிலத்தில் கிடக்கிறது. பைப்பைச் செப்பனிட அவர் உள்ளே போகலாம், தோண்டலாம். ஆனால் மண்ணைப் பழையபடி ஆக்கித் தரவேண்டும். 25-ஆம் பிரிவு, செப்பனிடும் செலவு உரிமையை அனுபவிப்பவருடையது என்கிறது. 26, பராமரிக்காததால் நிலத்துக்காரருக்குச் சேதம் வந்தால் அனுபவிப்பவர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. எல்லாருமே பங்குதாரராக இருக்கும் ஃபிளாட்டுக்கு இது அப்படியே பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நியாயம் எந்தப் பக்கம் என்று காட்ட எனக்கு இது போதும். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ பைப் சண்டையை நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இது புதிதும் அல்ல. தக்கலைப் பக்கம் எங்கள் குடும்ப வீடு. தாத்தா காலத்துப் பாகப் பத்திரம், எங்கள் ஊரில் ஆதாரம் என்போம், 1956-க்கு முந்தையது, மலையாளத்தில் இருக்கும். நாலு சகோதரர்களுக்கும் விளையை, அதாவது தோட்ட நிலத்தை, பிரித்த அந்த ஆதாரத்தில் கிணற்றைப் பிரிக்கவில்லை. கிணறு மூத்தவர் முற்றத்தில். நாலு பேருக்கும் கால் கால் பங்கு, போய்வர வழி, இறைக்க உரிமை. கோடையில் தூர் வாரும்போது நாலு வீட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். கயிறும் கப்பியும் மாற்றினால் நாலாகப் பிரித்துக் காசு. "கிணறு உன் முற்றத்தில் கிடக்கு, நீயே தூர் வாரு" என்று மூத்த தாத்தாவிடம் யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. அதேபோல மூத்த தாத்தாவும் கிணற்றின்மேல் பலகை அடித்து மசாலா டப்பா வைக்கவில்லை.

கிணற்று முற்றத்தை விட்டு ஃபிளாட்டுக்கு வந்தபோது கேட்டையும் பூட்டையும் கொண்டுவந்தோம். அந்த வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டோம்.

எட்டு வீட்டுக்காரர்களுக்கும் என் பதில் இதுதான். இன்று எங்கள் லைன், நாளை உங்களுடையது. மூன்று லைனும் ஒரே வருஷம் போட்ட ஜி.ஐ. பைப். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். கழற்றிய துண்டை பிளம்பர் காட்டினார். முக்கால் இஞ்ச் பைப்பில் சுண்டு விரல் நுழையவில்லை. லைனுக்கு லைன் கணக்குப் பிரித்தால், அப்புறம் தரைத்தளக்காரர் மொட்டை மாடிச் செலவுக்குக் காசு தரமாட்டார், மேல்மாடிக்காரர் கீழே எரியும் விளக்குக்குத் தரமாட்டார். அதற்குச் சங்கம் எதற்கு?

லைனில் டீ என்கிற மூன்று வாய் இணைப்பிலிருந்து பிரிந்து என் குழாய்க்கு மட்டும் வரும் பைப் என் பொறுப்பு, அதில் எனக்குத் தர்க்கமே இல்லை. பாத்ரூம் தரை ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் மேல்வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் ஸ்ட்ராட்டா என்கிறார்களே, அந்த அடுக்ககச் சட்டத்தில், கூரை ஈரமானால் குறை மேல்வீட்டில் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள்; இல்லை என்றால் மேல்வீட்டுக்காரர் காட்ட வேண்டும். மலேசியாவில் புகார் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்த்தாக வேண்டும். நம் ஊரில் 7 நாளில் வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்தி வரும், அதில் பாதி காலை வணக்கம்.

ஒழுக்கின் அளவையும் சொல்லவேண்டும். அலமாரியைப் பிரித்த அன்று வால்வைக் கொஞ்சம் திறக்கச் சொல்லி, ராத்திரி பத்து மணிக்கு ஒழுகும் யூனியனுக்குக் கீழே 10 லிட்டர் வாளி வைத்தேன். காலை ஆறு மணிக்கு நிறைந்து வழிந்தது. எட்டு மணி நேரத்தில் பத்து லிட்டர், நாளுக்கு முப்பது. நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையில் தண்ணீர் இறங்குகிற கோடையில் மாநகராட்சிக் குழாய் எப்போது வரும் என்று காத்துக்கிடக்கும் ஊர் இது. எத்தனை மாதமாக நாளுக்கு முப்பது லிட்டரைச் சுவருக்குக் குடிக்கக் கொடுத்தோமோ.

கணக்கு இப்படி முடிந்தது. பைப், வால்வு, கூலி 3,650 ரூபாய். அலமாரியும் டைல்ஸும் 11,200. கீழ்வீட்டுக் கூரைக்குப் பூச்சும் பெயின்டும் 6,000. பைப் செலவும் கூரைச் செலவும் சங்கத்தினுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அலமாரி என் காசு; கேட்கவும் மாட்டேன். கதவு வைத்திருந்தால் உடைக்க வேண்டி வந்திருக்காது. கீழ்வீட்டுக் கூரையிலும் ஒரு பங்கு என்மேல் வரவேண்டாமா என்று கணவர் கேட்டார். ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு 2,000 ரூபாயை என் பெயரில் போட்டுக்கொண்டேன். ஒழுக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும் என்பது உண்மைதானே.

பொதுக்குழுவுக்கு எழுதியிருக்கும் தீர்மானத்தில் இவற்றைக் கேட்டிருக்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுக்குத் தண்ணீர் போகும் பைப் யார் சுவருக்குள் இருந்தாலும் சங்கத்தினுடையது. அது போகும் வீட்டுக்காரர், முந்தின நாள் சொன்னால் கதவைத் திறக்க வேண்டும். ஒழுகினால் அந்த நிமிஷமே. மூடி மறைத்தால் உடைக்கும் செலவு அவருடையது. சுவரைப் பூசி மூடும் முன்னால் போட்டோ எடுத்துச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். மொட்டை மாடிச் சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தடவை அது செயலாளரோடு கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போய்விட்டது.

வாட்ஸ்அப் குழுவில் போட்டு நாலு நாள் ஆகிறது. பன்னிரண்டு வீட்டில் இரண்டு கட்டைவிரல். ஒருவர் தெரியாமல் பிறந்தநாள் வாழ்த்து ஸ்டிக்கர் போட்டு உடனே அழித்துவிட்டார். பைப் பணம் 3,650 இன்னும் வரவில்லை.

நேற்று அதே ஆசாரி வந்தார். இந்தத் தடவை அவர் கேட்கவே இல்லை, ஒரு சாண் அகலத்தில் கதவு வெட்டிக் கீல் போட்டுவிட்டார். டைல்ஸ் வரிசை கெட்டுத்தான் போயிற்று. கதவின்மேல் மார்க்கரில் "வால்வு, 4 வீடு" என்று எழுதிவிட்டு, மசாலா டப்பாக்களை ஃபிரிட்ஜுக்கு மேலே தூக்கி வைத்தேன்.