குனுக்கின் முதல் முயற்சிக்கே கேன் விருதா? உண்மை விளக்கம்

கனடாவின் வடகோடியிலுள்ள இக்லூலிக் ஊரைச் சேர்ந்த, இனுவிட் என்ற ஆர்க்டிக் பழங்குடி இயக்குநர் சக்கரியாஸ் குனுக், "முன்பின் கேமரா தொடாமல் எடுத்த முதல் படத்துக்கே 2001-இல் கேன் திரைப்பட விழா விருது வாங்கினார்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

குழப்பத்துக்குக் காரணம் விருதின் விதிதான். அவர் வாங்கியது கேன் விழாவின் தங்கக் கேமரா விருது; அது முதல் முழுநீளப் படத்துக்கு மட்டுமே தரப்படுவது. விருது பெற்ற 'அதனார்ஜுவாட்' அவருடைய முதல் முழுநீளக் கதைப்படம். முதல் படைப்பு அல்ல.

1981-இலேயே கல்லில் செதுக்கிய சிற்பங்களை மான்ட்ரியலில் விற்று வீடியோ கேமரா வாங்கிவிட்டார். அவருடைய ஊரான இக்லூலிக், தொலைக்காட்சியில் இனுவிட் மொழி இல்லை என்பதற்காக அதை இரண்டு முறை வாக்களித்து மறுத்த ஊர்! பிறகு இனுவிட் ஒளிபரப்பு நிறுவனத்தில் வேலை. 1990-இல் மூன்று பேரோடு சேர்ந்து இசுமா என்ற படத் தயாரிப்பு நிறுவனம். அடுத்து 13 பகுதித் தொலைக்காட்சித் தொடர். ஆக, இருபது ஆண்டு உழைப்பு.

'அதனார்ஜுவாட்' படச்சுருளில் எடுத்த படம் என்று நினைத்தால் அதுவும் சரியல்ல. டிஜிட்டல் பீட்டாகேம் என்ற வீடியோ நாடாவில் எடுத்து, பிறகுதான் 35 மி.மீ. சுருளுக்கு மாற்றினார்கள். கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். குளிர்ந்த கேமராவை அப்படியே சூடான இடத்துக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூத்துவிடும். அங்கே படமெடுப்பது கற்றுத் தேர்ந்த கைகளின் வேலை.