‘சென்சார் போயிடுச்சு சார்’ என்று இன்னொருத்தர் சொன்னால் தெரியும் சேதி

காரில் ஸ்கேனரைச் சொருகினால் வரும் பி 0171 என்பது ஒரு பழுது எண், உதிரிபாகத்தின் பெயர் இல்லை. இதைப் பெங்களூரில் இன்னும் எத்தனை மெக்கானிக்கிடம்தான் சொல்வது? ஸ்கேனரைச் சொருகுகிறார்கள், திரையில் ஒரு எண் வருகிறது, உடனே கை பில் புத்தகத்துக்குப் போகிறது. “ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” எதை வைத்துச் சொல்றே தம்பி என்று கேட்டால், “ஸ்கேனர்லயே வந்திருக்கே சார்” என்கிறார்கள். வரவே இல்லை. ஸ்கேனரில் வந்தது ‘சிஸ்டம் டூ லீன், பேங்க் 1’. பேங்க் 1 என்றால் எஞ்சினின் முதல் சிலிண்டர் வரிசை. எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போய்ச் சேரவில்லை, அல்லது கணக்கில் இல்லாத காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. அவ்வளவுதான் அந்த எண்ணுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் அந்த ஆக்ஸிஜன் சென்சார்தான். பால் திரிந்துவிட்டது என்று சொன்ன நாக்கையே அறுக்கிற மாதிரி, சொன்ன சென்சாரைக் கழற்றி எறியப் பார்க்கிறார்கள்.

என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். பழசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2013 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்ற பிஎஸ்4 (புகை மாசு விதி) கார்களுக்கு ஓபிடி 2, அதாவது வண்டி தன் பழுதைத் தானே கவனித்துப் பதிவு செய்யும் ஏற்பாடு, கட்டாயம். அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே அந்த 16 பின் சாக்கெட் இருக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று வண்டியே சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் லேசாக உதறியது, மைலேஜ் இறங்கியது, கொஞ்ச நாளில் மஞ்சள் விளக்கு வந்தது. சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஸ்கேனிங் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை. சாயங்காலம் போய் நின்றால், சர்வீஸ் அட்வைசர் முகமெல்லாம் சிரிப்பாக, “கிளியர் பண்ணிட்டோம் சார். லைட் போயிடுச்சு” என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது அங்கேதான்.

ஒரு கோடு, அதாவது பழுது எண், பதிவாகும்போது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ சும்மா எண்ணை மட்டும் எழுதி வைப்பதில்லை. அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வண்டி ஓடியதா நின்றதா, கூலன்ட் எவ்வளவு சூடு, எஞ்சின் மேல் எவ்வளவு லோடு, ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூல் டிரிம் எங்கே இருந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடு ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, வந்ததா, நைஸ் ரோடு ஹைவேயில் எண்பதில் போகும்போது வந்ததா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கிளியர் பட்டனை அமுக்கினால் அத்தனையும் காலி. எண்ணையாவது ஒரு துண்டுச் சீட்டில் எழுதினீர்களா என்று கேட்டேன். “அதான் போயிடுச்சே சார்” என்றார். காசு வாங்கிக்கொண்டு தடயத்தை அழித்துத் தருவதற்குப் பெயர் சர்வீஸாம்.

விளக்கு திரும்ப வராமல் இருக்குமா? வந்தது. அப்புறம்தான் சென்சார் புராணம் ஆரம்பமானது.

இதில் கண்டுபிடிக்க ஒன்றும் பெரிய வித்தை வேண்டாம். அதே ஸ்கேனரில் லைவ் டேட்டா என்று ஒரு பகுதி இருக்கிறது. எஞ்சின் சூடான பிறகு லாங் டர்ம், ஷார்ட் டர்ம் ஃப்யூல் டிரிம் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பிளஸ்ஸில் நின்றால் ஈசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது என்று அர்த்தம். ஐட்லிங்கில் அந்த எண் எகிறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கிவிட்டால், காற்று வரத்தைத் திறந்து மூடும் திராட்டிலைத் தாண்டி எங்கேயோ காற்றுக் கசிவு. ஏனென்றால் ஐட்லிங்கில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு உள்ளே இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. திராட்டில் திறந்துவிட்டால் அது பொருட்டே இல்லை. மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து, மேடு ஏறும்போது எகிறினால், பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ அடைத்த இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். சரி, ஆக்ஸிஜன் சென்சாரே கெட்டிருக்கக் கூடாதா? கெடும். அதற்கும் வழி இருக்கிறது. எஞ்சின் பக்கம் இருக்கும் முன் சென்சாரின் வோல்ட்டேஜ் சுமார் 0.1க்கும் 0.9க்கும் நடுவே விறுவிறுவென்று ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். மொத்தமே பத்து நிமிட வேலை. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். “யூடியூப் பாத்துட்டு வந்திருக்கீங்களா சார்?” என்று கேட்டார். ஆமாம், பார்த்தேன். நீயும் பாரேன்.

ஜே.சி. ரோடு பக்கம் இன்னொரு கடை. இவர் லைவ் டேட்டாவைத் திறந்தார், மனசு கொஞ்சம் குளிர்ந்தது. எஞ்சின் ஆஃப், சாவி ஆன். மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், எஞ்சின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். அது 91 கிலோபாஸ்கல் காட்டியது. “நூத்தி ஒண்ணு இருக்கணும் சார். சென்சார் போயிடுச்சு.” ஐயா, நூற்றியொன்று மெரினா பீச்சில் வரும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தமே 91 பக்கம்தான். சென்சார் சொன்னது துல்லியமான உண்மை. இந்த ஊரில் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஊரின் காற்றழுத்தத்தைப் பழுது என்று பில் போடப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் எந்தக் காரில் சொருகினாலும் அதே எண்தான் வரும் என்றேன். சொருகிப் பார்த்தார். வந்தது. அதற்கும் அசரவில்லை. “அந்த வண்டிக்கும் மாத்தணும் போல சார்.”

என் மச்சான் கதை இதைவிட மோசம். அல்சூரில் இருக்கிறார், வண்டி என்னுடையதைவிட ஒரு வயது இளையது. அவருக்கு வந்தது பி 0420, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைவு என்ற கோடு. கேட்க வேண்டுமா? கன்வர்ட்டரையே மாற்றணும் என்று அரை லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட். அவர் தயங்கியதும் பழுது எண்ணை அழித்துக் கையில் கொடுத்தார்கள், “லைட் வந்தா பாக்கலாம்” என்று. சில்க் போர்டு, கோரமங்களா, எம்.ஜி. ரோடு என்று வாரக்கணக்கில் ஓட்டினார், விளக்கு வரவில்லை. சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டார். பொங்கலுக்கு சேலம் கிளம்பினார். கிருஷ்ணகிரி தாண்டியதும் பளிச்சென்று விளக்கு. போன் போட்டால் மெக்கானிக் சொன்ன பதில்: “தமிழ்நாட்டுப் பெட்ரோல் அப்படித்தான் சார்.”

தமிழ்நாட்டுப் பெட்ரோல் என்ன பாவம் செய்தது? பழுது எண்ணை அழித்தால் ஈசியூவின் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். கன்வர்ட்டரைச் சோதிக்க அதற்கு நன்றாகச் சூடேறிய எஞ்சினும், கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட்டமும் வேண்டும். பெங்களூரில் எந்த மகராசன் ஒரே வேகத்தில் ஓட்டுகிறான்? சோதனை முடியாதவரை விளக்கு வராது. போதாக்குறைக்குப் பல கோடுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தேறாமல் போனால்தான் விளக்கை ஏற்றும். ஹைவேயில் ஏறியதும் வண்டி நிம்மதியாக உட்கார்ந்து பரீட்சை எழுதி ஃபெயில் ஆனது, அவ்வளவுதான் நடந்தது. கடைசியில் பார்த்தால் கன்வர்ட்டர் நன்றாகவே இருக்கிறது. அதற்கு முன்னால், புகைக் குழாய் இணைப்பை அடைக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு. வெளிக்காற்று உள்ளே புகுந்து, கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் குழப்பியிருக்கிறது. கேஸ்கெட் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இதில் இன்னொன்றும் உறுத்துகிறது. எஸ்டிமேட் போட்டவர்கள், “பழைய பீஸ் உங்களுக்கு எதுக்கு சார், நாங்களே வச்சுக்கறோம்” என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். எதுக்கு என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது.

பெட்ரோல் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். அதனால் அதே காற்றுக்கு ஊற்ற வேண்டிய எரிபொருளின் அளவு கூடும். 10 சதவீதக் கலப்பிலிருந்து 20க்கு வந்ததில் பழைய காரின் டிரிம் நாலைந்து சதவீதம் பிளஸ் பக்கம் நகர்வது இயல்பு. எங்கேயோ சின்னதாகக் கசிந்துகொண்டு, விளிம்பில் நின்ற வண்டியை இது மட்டுமே கோடு வரும் நிலைக்குத் தள்ளிவிடலாம். நியாயமாகப் பார்த்தால் மெக்கானிக் எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. நான் சொன்னேன். “அப்ப பவர் பெட்ரோல் போடுங்க சார்” என்றார்.

இத்தனைக்கும் நடுவில் எமிஷன் டெஸ்ட் வேறு. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, வண்டி ஜோராகத் தேறியது. அங்கே சைலன்ஸரில் குழாயைச் செருகிப் பார்ப்பார்கள், ஓபிடி சாக்கெட் பக்கம் யாரும் போவதில்லை. பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். லீனாக ஓடும் வண்டியில் அது குறைவாகத்தானே வரும்? கையில் சான்றிதழ், டேஷ்போர்டில் விளக்கு.

விளக்கு என்றதும், பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு: சாவியை ஆன் செய்ததும் செக் எஞ்சின் விளக்கு ஒரு தடவை எரிந்தாக வேண்டும். எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ அதைப் பிடுங்கி வைத்திருக்கலாம். அப்புறம், அது மினுக்கினால் கதையே வேறு. மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. “வீட்டுக்குப் போங்க சார், ஒண்ணும் ஆகாது” என்று சொல்கிற மெக்கானிக்கை நம்பாமல் ஓரமாக நிறுத்துங்கள்.

என் வண்டியைச் சரிசெய்தது சிவாஜிநகர் சந்தில் ஒரு பெரியவர். ஸ்கேனரே இல்லாத காலத்து ஆள். கார்புரேட்டர் போய், பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்த புதிதில் சில கார்களில் இரண்டு டெர்மினலை ஒயரால் சேர்த்து, விளக்கு எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணி எண்ணியே வேலை கற்றவர். நான் சொன்ன டிரிம் கணக்கை முழுசாகக் கேட்டார், அதுவே எனக்குப் பாதி ஆறுதல். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, காற்று உள்ளே போகும் இன்டேக்கைச் சுற்றிக் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். சூடான எஞ்சினில் இதை நீங்கள் முயலாதீர்கள், பற்றிக்கொள்ளும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ் பக்கம் அடித்ததும், ஸ்ப்ரே உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் சத்தமே மாறியது. ஹோஸின் அடிப்பக்கத்தில் ரப்பர் வெடித்திருந்தது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. புது ஹோஸ், புது கிளாம்ப். நான் கொடுத்த மொத்தப் பணம் சர்வீஸ் சென்டரின் ஸ்கேனிங் சார்ஜைக்கூடத் தொடவில்லை.

போன வாரம் அதே சர்வீஸ் சென்டரிலிருந்து போன். பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் சார் என்று ஒரு பெண் கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அதனால் பொறுமையாகவே சொன்னேன். அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் கஸ்டமருக்குக் கொடுங்கள், டிரிமைப் பாருங்கள், பார்த்துவிட்டுச் சென்சாரில் கை வையுங்கள் என்று. எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். “சென்சார் மாத்தித் தரணும்னு கஸ்டமர் கேக்கறார்” என்று படித்தார்.