பால்காய்ப்பு கல்யாணம் இல்லை

போன தை மாதம் மதுரையில் எங்கள் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. தேதி குறித்த மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பெண்கள் எல்லோரும் மாம்பழ மஞ்சள், ஆண்கள் அரக்கு நிறச் சட்டை என்று ஒரு யோசனை வந்தது. போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றார்கள். நானும் சரி என்றேன். அன்று ராத்திரி என் சித்தி தனியாகப் போன் செய்தார். "எங்கிட்ட அந்தக் கலர்ல பட்டு இல்லம்மா. என் பச்சைப் பட்டைக் கட்டிக்கிட்டு வந்தா தப்பா இருக்காதுல்ல?" என்று கேட்டார். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என்னை முதலில் கையில் வாங்கியவர் அவர். என் வீட்டு வாசலை மிதிக்க அவர் என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி ஆகிவிட்டதே என்று மனசு கேட்கவில்லை. விடிந்ததும் குழுவில் எழுதினேன்: நிறம் எதுவும் வேண்டாம், அவரவரிடம் இருப்பதில் நல்லதைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

அதற்குப் பிறகுதான் அன்றைக்கு என்ன கட்டுவது என்று ஒழுங்காக யோசித்தேன். இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்திருப்பார்கள், ஓடியாட ஊரே இருக்கும். பால்காய்ப்பில் வீட்டுக்காரிதான் ஓட வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு இருட்டில் வாசலில் மாக்கோலம் ஈரமாக இருக்கும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து நிலைப்படியைத் தாண்ட வேண்டும். பசுவும் கன்றும் உள்ளே வரும். டைல்ஸ் தரையில் மாடு வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்திருப்பார்கள், அதில் கால் தடுக்கும். கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து சாந்தி என்று இரண்டு மணி நேரம் புகையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அது முடிந்தால் எழுந்து போய் அடுப்பு பற்றவைத்துப் பால் பொங்கும்வரை நிற்க வேண்டும். அப்புறம் பந்தி.

இத்தனையையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம் இருக்கிற கல்யாணப் பட்டில் செய்யச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. என் நாத்தனார் அவர்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு அப்படித்தான் கட்டினார். முழுக்க ஜரிகை. ஹோமத்தில் நெய் தெறித்து முந்தானையில் இரண்டு இடத்தில் கறை விழுந்தது, இன்றுவரை போகவில்லை. அதைவிட, விசேஷம் முழுக்க அவர் கண் புடவை மேலேயே இருந்தது. தன் வீட்டில் முதல் பால் பொங்கியதை அவர் சரியாகப் பார்த்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

எங்கள் பக்கம் தாய்வீட்டுச் சீராக வருகிற புடவையைத்தான் பூஜைக்குக் கட்ட வேண்டும். அண்ணனிடமும் மைனியிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: பட்டுதான் வேண்டும், ஆனால் சின்னக் கரை, உடம்பில் ஜரிகை வேண்டாம். அரக்கில் திருபுவனம் பட்டு வாங்கி வந்தார்கள். கும்பகோணம் பக்கத்தில் நெய்வது, 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. காஞ்சிபுரத்துக்கு அது கொஞ்சமும் குறைவில்லை. வெளியூர்க் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு, அவ்வளவுதான். புடவை ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து எடுத்துக் கட்டினேன்.

பட்டு என்று சொல்லி விற்பதெல்லாம் பட்டு இல்லை. இதைச் சாதாரண ஏமாற்று என்று விட்டுவிட முடியாது, அன்றைக்கு நாம் நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருகிறோம். பாலியஸ்டர் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் முந்தானைக் குஞ்சத்தில் இரண்டு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூல் என்றால் பிளாஸ்டிக் வாடை வரும், நுனியில் கெட்டியாக ஒரு மணி நிற்கும். கடையில் கொளுத்த முடியாது, அதனால் மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பருத்தி பாதுகாப்பு என்று நினைத்து அதிலும் அசட்டையாக இருக்க வேண்டாம். பருத்தியும் பற்றும், எதைக் கட்டினாலும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகளுக்குப் பதினோரு வயது. நெட் துப்பட்டா வைத்த லெஹங்காதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள், நாங்களும் விட்டுவிட்டோம். ஹோமத்தில் சமித்து வெடித்து ஒரு பொறி பறந்து துப்பட்டாவில் விழுந்தது. ஒரு நொடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் உருகிச் சுருண்டுவிட்டது. அக்கா சட்டென்று உருவி எறிந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டையை நினைத்தால் இப்போதும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பிள்ளைகளுக்குப் பருத்திப் பாவாடை சட்டை போதும். லெஹங்காவைச் சாயங்காலம் போட்டுக்கொள்ளட்டும்.

ஹோமம் முடிகிறபோது கொடுக்கிற பூர்ணாகுதிக்குப் போட நாங்கள் வாங்கிய சின்னப் 'பட்டுத் துணி'யும் அப்படித்தான். நெருப்பில் விழுந்ததும் கறுத்து உருகியது, வீடே நாறியது. ஐயர் முகம் சுளித்தார். "இதுக்கு ஒரு முழம் புது நூல் துணியே வாங்கியிருக்கலாமே" என்றார். யாகத்துக்கென்று கொடுக்கும் துணியாவது உண்மையான துணியாக இருக்க வேண்டாமா?

ஆண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், எட்டு முழம் வேட்டி. நாலு முழம் ஒற்றை வேட்டியில் இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. ஒட்டிக்கோ வேட்டியும் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பிரிகிறது. கட்டத் தெரியாது என்பவர்கள் ஒரு வாரம் ராத்திரியில் வீட்டிலேயே கட்டிப் பழகினால் வந்துவிடும், என் வீட்டுக்காரர் அப்படித்தான் பழகினார். கைத்தறி வேட்டிக்குக் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, 1935 முதல் நெசவாளர் கூட்டுறவுத் துணியை விற்கிறவர்கள்.

பூஜை முடிந்ததும் பட்டை அவிழ்த்து நிழலில் உதறிப் போட்டுவிட்டுச் சுங்குடிப் பருத்திச் சேலைக்கு மாறிவிட்டேன். மதுரைக்காரிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்! பந்தியில் குனிந்து நிமிர, வேர்வையை வாங்க, சாம்பார் சிந்தினால் அலசிப் போட அதுதான் தோது. சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனாலும் கடைகளில் பாதிக்குமேல் அச்சுப் புள்ளிதான் தொங்குகிறது. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நூலால் ஒவ்வொரு புள்ளியையும் முடிச்சுப் போட்டு, அப்புறம் சாயத்தில் தோய்ப்பதுதான் பழைய முறை. அப்படி முடிந்த புள்ளி ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, தடவினால் அந்த இடம் லேசாகக் குமிழ்ந்து கைக்குத் தட்டும். விலை கூடத்தான். வருஷத்துக்கு ஒன்று வாங்கினாலும் முடிச்சுச் சுங்குடியாக வாங்குங்கள். இல்லையென்றால் முடிகிற கைகள் வேறு வேலைக்குப் போய்விடும்.

சரி, நான் இத்தனையும் எழுத வந்ததே இனிமேல் சொல்லப்போகிற விஷயத்துக்காகத்தான். பால்காய்ப்பில் மேஸ்திரி, கொத்தனார், ஆசாரி, சித்தாள் எல்லோருக்கும் வெற்றிலை பாக்கோடு துணி வைத்துக் கொடுப்பது வழக்கம். ஜவுளிக் கடையில் இதற்கென்று தனி அடுக்கே இருக்கிறது. "வச்சுக் கொடுக்கிற சேலையா?" என்று கேட்டுவிட்டு, நமக்குக் காட்டாத ரகத்தை எடுத்துப் போடுவார்கள். கட்டினால் கால் தெரியும், அப்படி ஒரு துணி. வாங்கியவர் கட்டமாட்டார், இன்னொரு விசேஷத்தில் வேறு யாருக்காவது வைத்துக் கொடுப்பார். பீரோவுக்குப் பீரோ போகும், ஒரு உடம்பிலும் ஏறாது. எனக்கு ஆயிரக்கணக்கில் பட்டும், என் சுவருக்குச் செங்கல் சுமந்தவருக்கு முந்நூறு ரூபாய் நைலானும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

எங்கள் வீட்டில் பத்து மாதம் வேலை பார்த்த சித்தாள் அக்காவிடம், "உங்களுக்கு என்ன சேலைக்கா எடுக்கட்டும்?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார். "நீங்க பாத்து எது குடுத்தாலும் சரிதான்" என்றார். விடாமல் கேட்டதும், "நூல் சேலையா எடுங்க. வெயில்ல நைலானு மேல ஒட்டிக்கிது. கத்திரிப்பூ கலர் கிடைச்சா நல்லது" என்றார். அவரை விளக்குத்தூண் பக்கம் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது நிமிஷம் பார்த்தார், பிரித்துப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்திரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மேஸ்திரி அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் என் வீட்டுக்காரர் கட்டிய அதே கைத்தறி எட்டு முழத்தையே எடுத்தோம். செலவு சில ஆயிரம் கூடியது. மண்டபத்து மாதிரி வாசலில் போட நினைத்திருந்த பூ அலங்காரத்தை நிறுத்தியதில் அது சரியாகிவிட்டது.

துணியை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம், விசேஷத்தன்று கட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக. அந்த அக்கா அஞ்சு மணிக்கெல்லாம் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு அந்தச் சேலையில் வந்து நின்றார். பத்து மாதமாகத் தலையில் சும்மாடும் மேலே ஒரு பழைய ஆம்பளைச் சட்டையுமாகவே பார்த்தவரை எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. கைபிடித்து உள்ளே கூட்டிப்போனேன். பூஜை அறையையோ கூடத்தையோ அவர் பார்க்கவில்லை, நேராகச் சமையலறைக்குப் போய் மேடைக்குக் கீழே சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இந்த எடத்துலதான் அன்னிக்கு மழை வந்து கலவையெல்லாம் கரைஞ்சுச்சு. பரவால்ல, நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார்.