புதுச்சேரிக்கு வந்தால் உச்சி வெயிலில் பூங்காவுக்குப் போங்கள்

"பாண்டிக்கு வர்றோம், என்ன பார்க்கலாம்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் பலருக்கும் பிடிப்பதில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பூங்காவுக்குப் போங்கள் என்பேன். கடற்கரையை விட்டுவிட்டுப் பூங்காவா என்று முகம் சுருங்கும். கடற்கரை எங்கேயும் ஓடிவிடாது. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. அப்போது போய் ஆசை தீர நடக்கலாம். உச்சி வெயிலில் காந்தி சிலைக்குக் கீழே வியர்த்து வழியப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் எல்லாப் பூங்காவும் அழகுதான். கொஞ்சம் காற்று, நாலு வண்ண விளக்கு, ஒரு நீரூற்று இருந்தால் போதும். ஒரு பூங்காவின் லட்சணம் தெரிவது மத்தியானத்தில்தான். நிழல் இருக்கிறதா, அந்த நிழலில் உட்கார இடம் இருக்கிறதா, உட்கார்ந்தால் யாரும் விரட்டாமல் இருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிகிற பூங்காக்கள் நம் ஊர்களில் குறைவு.

தாவரவியல் பூங்காவில் அந்த நிழல் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தோட்டம், இருபது ஏக்கருக்கு மேல். அவர்கள் இதை ஊர் ஜனம் உலாவுவதற்காகப் போடவில்லை. எந்த நாட்டுச் செடி இந்த மண்ணில் பிழைக்கும், எதில் காசு வரும் என்று பார்ப்பதற்கான சோதனைக்களம் அது. 1830-களில் இங்கே வந்த பெரோத்தே என்ற தாவரவியலாளர்தான் தோட்டத்துக்கு உருவம் கொடுத்தவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, செனகல் வரை சுற்றி, மணிலாவிலிருந்து பட்டுப்புழுவுக்கான ஒரு முசுக்கொட்டை வகையைப் பிரான்சுக்குக் கொண்டுபோன ஆள். நீலகிரியிலும் ஏறி இறங்கிச் செடி சேகரித்தார். கடைசியில் 1870-ல் இதே புதுச்சேரியில் காலமானார். பெரோத்தேசியா என்று ஒரு தாவரப் பேரினமே அவர் பெயரில் இருக்கிறது. ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்காவது அவர் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

உள்ளே குழந்தைகளுக்கான ரயில் உண்டு. பிள்ளைகளோடு போனால் முதலில் அதில் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களை நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள். அப்புறம் தடித்த அடிமரமாகப் பார்த்து உட்காருங்கள். மரத்தின் பெயர் தெரியவில்லையா, போனில் படம் எடுத்துத் தேடிக்கொள்ளலாம்.

பாரதி பூங்கா வேறு மாதிரி. ஒரு பக்கம் துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ், அருகிலேயே சட்டப்பேரவை, அருங்காட்சியகம். அரசாங்கத்துக்கு நடுவில் ஒரு தோட்டம். மையத்தில் வெள்ளையாக நிற்கிறதே ஆயி மண்டபம், அது மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. அதன் பின்னாலிருக்கும் கதை எனக்கு மிகப் பிடிக்கும். இந்தப் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர், விளக்குகள் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினாள். பல தலைமுறை கழித்து, அந்தக் குளம் இருந்த முத்திரைப்பாளையத்துத் தண்ணீரைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நினைவாக எழுந்ததுதான் இந்த மண்டபம். கும்பிட்டது அவமானம் என்று ராஜா நினைத்தார், ஊரோ இன்றும் அவள் பெயரில் மண்டபத்தை வைத்திருக்கிறது. இதை ஒரு பலகையில் தமிழில் விரிவாக எழுதி, கண்ணில் படும் இடத்தில் வைத்தால் என்ன செலவாகிவிடும்? படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆயி யார் என்றே தெரியாது.

என் ஆதங்கம் ஒன்று உண்டு. பூங்காவைச் சீரமைக்கிறோம் என்றாலே நமக்கு டைல்ஸ், கம்பி வேலி, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்த செல்ஃபி மேடை. மரம் நடுவது கடைசியில். வேறொரு ஊரின் பூங்காவில் புல்லில் உட்கார்ந்ததற்குக் காவலாளி விசில் ஊதி எழுப்பியிருக்கிறார். உட்காரக் கூடாது என்றால் அந்தப் புல் எதற்கு? 2011 டிசம்பர் 30-ல் 'தானே' என்ற புயல் அடித்தபோது இந்த ஊரில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கே இல்லை. டைல்ஸை மறுவாரமே மாற்றிவிடலாம். நிழலை அப்படி வாங்க முடியாது, முப்பது வருஷம் ஆகும்.

நேரமும் வண்டியும் இருந்தால் ஊசுடு ஏரிக்குப் போகலாம். 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அது அதிகாலைக்கான இடம். திருவக்கரை கல்மரப் பூங்காவும் பக்கம்தான், ஏறத்தாழ 2 கோடி வருஷத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நிழலை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

வயதானவர்கள் கூட வந்தால் பாரதி பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மணக்குள விநாயகர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. வேலை நடக்கிறது என்று எப்போதாவது பூங்காக்களை மூடிவைப்பதுண்டு, கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம், காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வரவும் வேண்டும்.