உறைமேல் முகவரியும் வாட்ஸ்அப்பும்

போன மாதம் ஒரு ராத்திரி, ஒன்பதே முக்காலுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி. என்னிடம் தமிழ் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி, அப்பாவின் எண்ணிலிருந்து அனுப்பியிருந்தாள். "சார் எனக்கு ஏன் மார்க் கம்மி போட்டீங்க". வணக்கம் இல்லை, பெயர் இல்லை, கேள்விக்குறிகூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில், யாரையும் குறிப்பிடாமல், ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினால் கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள் என்றேன். அன்று மாலையே அடுத்தது வந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், "மதிப்பிற்குரிய ஐயா", "தங்கள் உண்மையுள்ள" என்று முழுக் கடிதம். கீழே உறைமேல் முகவரி வேறு!

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நேரில் என்றால் அதே கேள்வியைத் தயங்கித் தயங்கி, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பாள். எனக்குக் கோபமே வந்திருக்காது. முகமும் குரலும் செய்கிற வேலையை எழுத்தில் எது செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் என்றால் யார், நான்தான். அவளுக்குத் தெரிந்த எழுத்துத் தமிழ் இரண்டே வகை: தோழியிடம் பேசுவது ஒன்று, ஆணையருக்கு விண்ணப்பிப்பது இன்னொன்று. அவள் வாழ்நாளில் எழுதப்போவதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கடிதம் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு கடிதம் உண்டு, தமிழாசிரியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். உணவு விடுதியில் சாப்பாடு தரமில்லை, விலையும் கூடுதல், உரிய சான்றுகளுடன் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதுக. என்ன அருமையான பயிற்சி! எந்தக் கடை, என்று சாப்பிட்டேன், என்ன குறை, இதோ ரசீது. ஆனால் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பையன், நிஜமாகவே பரோட்டா சரியில்லாத அன்று கூகுளில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு "வேஸ்ட் கடை" என்று எழுதுகிறான். பாடத்தில் படித்த "உரிய சான்றுகளுடன்" என்பது இங்கும் செல்லும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நாமும் சொல்லவில்லை.

சரி, செய்து பார்ப்போம் என்று ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் ஐந்து பதில்கள் எழுதினேன். சரி. சரிங்க. சரிங்க சார். ஓகே. ம். அம்மாவுக்கு எது, ஆசிரியருக்கு எது, சண்டை போட்ட நண்பனுக்கு எது? முக்கால் மணி நேரம் போதவில்லை. "ம்" என்று மட்டும் பதில் வந்தால் ராத்திரி தூக்கம் வராது சார் என்றான் ஒருவன். 'சரி'க்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தால் கோபம் என்று அர்த்தமாம். இத்தனை வருடம் நிறுத்தற்குறி நடத்தியிருக்கிறேன், இவ்வளவு ஆர்வத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்த வகுப்பில் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களை எடுத்தேன். பவணந்தி முனிவர் நூல் எழுதுபவர்களுக்குச் சொன்னது, ஃபார்வர்டு எழுதுபவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளே குடும்பக் குழுவிலிருந்து உதாரணம் கொடுத்தார்கள். தினமும் வரும் ரோஜாப்பூ காலை வணக்கத்தை 'நின்று பயன் இன்மை'யில் சேர்த்தார்கள். அனுப்புவது என் வயதுக்காரர்கள்தான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

குன்றக் கூறல், அதாவது சொல்லவேண்டியதை விட்டுவிட்டுச் சொல்வது, வந்தபோது மட்டும் சிரிப்பு நின்றது. 2018இல் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு குழந்தை கடத்தல் வீடியோவைப் பற்றிச் சொன்னேன். கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுத்த படம் அது. கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்த ஆண்டு மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கடத்தல் கும்பல் என்று ஊரே திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். நம் ஊர்ப் போன்களில் அப்போது சுற்றியவை தமிழ்க் குரல் பதிவுகள், தமிழ்ச் செய்திகள். அதே ஆண்டு கேரளத்தில் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியை அடையாளம் காணத் தனி வகுப்பே எடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் தனி வகுப்பு என்றால் அதிகாரி மாறியதும் நின்றுபோகும் என்ற பயம் எனக்கு உண்டு. தமிழ்ப் பாடவேளை எந்த அதிகாரி வந்தாலும் இருக்கும்.

சக ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார்: "செல்போனைத் தொடாதேங்கிறோம், நீங்க அதையே பாடமா நடத்துறீங்களே?" ஒரு போன்கூட வகுப்புக்குள் வரவில்லை ஐயா, சாக்பீஸ்தான் செலவு என்றேன். சிலபஸ் யார் முடிப்பது என்று அடுத்ததாகக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நியாயமான கேள்வி. பாடநூல் எழுதுகிறவர்கள் ஒரு கடிதத்தைக் குறைத்து, அந்த இடத்தில் குழுவுக்கு எழுதும் ஒரு செய்தியை வைக்கலாம்.

வகுப்பு முடியும் நேரம் அந்தப் பெண் கை தூக்கினாள். "சார், மெசேஜைப் பார்த்துட்டுப் பதிலே போடாம விட்டா அது எந்தக் குற்றம் சார்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. விடைத்தாளைக் கொண்டுவா என்றேன். கூட்டலில் இரண்டு மதிப்பெண் விட்டிருந்தேன்.