கதவை உடைத்தவர்கள் கேட்கும் 27 சதவீதம்

மெக்சிகோப் பொருள்களுக்கு 27 சதவீத வரி என்று தென் அமெரிக்க நாடான எக்குவடோரின் அதிபர் டேனியல் நொபோவா 2025 பிப்ரவரியில் அறிவித்ததைச் சிறிய நாட்டின் பெரிய துணிச்சல் என்று இங்கே சிலர் கொண்டாடுவதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. தடையற்ற வணிக ஒப்பந்தம் அமையும் வரை இந்த வரி தொடருமாம். சுவரேறிக் குதித்தவர்களே வீட்டுக்காரரிடம் கையெழுத்தும் கேட்டு, அது கிடைக்கும் வரை தண்டமும் வசூலிப்பார்களாம்!

2024 ஏப்ரல் 5 இரவு, எக்குவடோர் தலைநகர் கீட்டோவிலிருந்த மெக்சிகோ தூதரகத்துக்குள் எக்குவடோர் காவலர்கள் புகுந்து, தஞ்சம் பெற்றிருந்த முன்னாள் துணை அதிபர் ஹோர்ஹே கிளாஸை இழுத்துச் சென்றார்கள். தடுக்க முயன்ற தூதரகப் பொறுப்பாளரைத் தரையில் தள்ளினார்கள். மெக்சிகோ உடனே உறவை முறித்தது. வேறென்ன செய்திருக்க வேண்டும்?

கிளாஸ் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்தானே என்று உடனே வருவீர்கள். ஆம், தண்டிக்கப்பட்டவர்தான். அவருக்குத் தஞ்சம் அளித்தது சரியா என்பதைக்கூட ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் அனுமதியின்றித் தூதரகத்துக்குள் நுழையக் கூடாது என்று சொல்லும் 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, உள்ளே இருப்பவர் யோக்கியரா என்று பார்த்துவிட்டுக் கதவைக் காப்பதில்லை. பெருவின் தலைநகர் லிமாவிலிருந்த கொலம்பியத் தூதரகத்தில் பெருவின் எதிர்க்கட்சித் தலைவர் ஆயா டி லா தோரே 1949 முதல் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தார். பெரு அரசு வெளியே காவல் போட்டதே தவிர உள்ளே நுழையவில்லை. இதே எக்குவடோர் 2012இல் தன் லண்டன் தூதரகத்தில் விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்சுக்கு இடம் கொடுத்தபோது, உள்ளே நுழையலாம் என்று பிரிட்டன் கோடிட்டுக் காட்டியதற்கே எவ்வளவு கொதித்தது! தன் கதவு என்றால் புனிதம், அடுத்தவர் கதவு என்றால் வெறும் பலகை போலிருக்கிறது.

எங்கள் வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணையில் ஒரு போகம் நோய் தாக்கியதால், தீவனம் தந்தவருக்கு நான் பாக்கி வைத்தது உண்மை. அவருடைய ஆட்கள் இரவில் கொட்டகைப் பூட்டை உடைத்து குளத்து நீரில் காற்றைக் கலக்கும் இரண்டு ஏரேட்டர்களைத் தூக்கிச் சென்றார்கள். அடுத்த போகத்தில் அவரே வந்து, பழசை மறந்துவிடுங்கள், இறாலை எனக்கே கொடுங்கள் என்று விலை பேசினார். கடன் பொய் என்று நான் என்றைக்குமே சொன்னதில்லை. ஆனால் அந்தப் பூட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இறால் வளர்ப்பவனுக்கு எக்குவடோர் மீது தொழில் பொறாமை என்று ஒருவர் எழுதக்கூடும். இருக்கட்டும். உலகிலேயே அதிக இறால் ஏற்றுமதி செய்யும் நாடு அது. அவர்கள் விலையைக் குறைத்தால் இங்கே எங்கள் வயிறு எரியும், மறுக்கவில்லை. மெக்சிகோவுடனான ஒப்பந்தப் பேச்சு, தூதரகச் சம்பவத்துக்கு முன்பே இறாலிலும் வாழைப்பழத்திலும்தான் சிக்கி நின்றது என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சிக்கலை மேசையில் உட்கார்ந்து அவிழ்த்திருக்கலாம். இப்போது எந்தத் தூதரகத்தில் மேசை போடுவார்கள்?

வரியைக் கொண்டாடும் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பூட்டை ஒருவன் உடைத்துவிட்டு மறுநாள் காலையில் சில்லறை கேட்டு வந்து நின்றால், அவனுடைய துணிச்சலைப் பற்றியும் ஒரு பதிவு போடுங்கள். விருப்பக்குறி இட நான் காத்திருக்கிறேன்.